டம்ளரில் உடைந்து கிடந்த க்ளிப்

போன வாரம் மணியம்மாளையும் அவள் பெண் கங்காவையும் அமாவாசைக் கூட்டத்தில், வீரராகவர் கோயில் குளத்தங்கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பயப்பட வேண்டாம், இருவரும் பத்திரமாக மணவாள நகர் வந்து சேர்ந்தார்கள். கால் வலி என்று மணியம்மாள் வந்ததும் படுத்துவிட்டாள். கங்கா இரண்டு கவளம் சாப்பிட்டாள், பாயில் விழுந்தாள், தூங்கிப் போனாள். க்ளிப்பை எடுத்து வாயில் மாட்டிக்கொள்ள மறந்துபோனாள்.

அங்கேதான் வந்தது வினை.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கங்கா என்கிற கங்கம்மாவுக்கு வயது பதினேழு. முன்பல் இரண்டும் உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் 'தேங்கா துருவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பட்டணத்துப் பெரிய பல் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இப்படிப்பட்ட பற்களைக் கம்பி போட்டே உள்ளே தள்ளிவிடுகிறார் என்று கேள்விப்பட்டு, அண்ணன் குப்புராஜ் நாயாய் அலைந்து தங்கைக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு வேலை கும்மிடிப்பூண்டியில், ஒரு கம்பெனியில். அங்கேயே தங்கிக்கொண்டு, வார லீவுக்குத்தான் வீட்டுக்கு வருவான்.

அந்த க்ளிப் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? அண்ணத்தில் ஒட்டி உட்காருகிற ரோஸ் நிறப் பிளேட்டு. அதிலிருந்து புறப்பட்டு முன்பல்லைச் சுற்றி வரும் ஒரு கம்பி. கடைவாய்ப் பல்லைப் பிடிக்க இரண்டு பக்கமும் கொக்கி. சாப்பிடும்போது கழற்றி வைக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் வாயிலேயே இருக்க வேண்டும்.

பொங்கலுக்குக் கங்கா கழற்ற மறந்து முறுக்கைக் கடித்து அதை ஒரு முறை உடைத்துவிட்டாள். டாக்டரம்மா சரி செய்து கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்: "இன்னொரு தடவை உடைச்சுக்கிட்டு வந்தே, உன் இடத்தை வேற பொண்ணுக்குக் கொடுத்துடுவேன். வெளியே பெஞ்சில எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க பாரு."

அதிலிருந்து கங்கா அதைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டாள். பலனும் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று, இப்போதெல்லாம் பலவந்தப்படுத்தாமலே உதடு மூடுவதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போவாள்.

அந்தக் கங்கா, இன்று காலையில் பல் விளக்கிவிட்டு டம்ளருக்குள் கையை விட்டாள். சுருக்கென்று குத்தியது.

வெளியே எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் கம்பி பிய்ந்து தொங்கியது. பிளேட்டின் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கீறல்.

"அய்யய்யோ, யம்மா!"

மணியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "இன்னாடி, பாம்பா?"

"இத பாரு! ஒடைஞ்சி போச்சி!"

"நீ கழட்டி எங்க வெச்சே?"

"இங்கதான் வெச்சேன், டம்ளர்ல. நீதான சொன்னே, எச்சில வாயில வெச்சிக்கினு கோயிலுக்கு வராதேன்னு!"

உண்மைதான். அந்த க்ளிப் மணியம்மாளுக்குப் பெரிய தலைவலி. எச்சில் பட்ட சாமான், அதுவும் தினம் எடுத்து எடுத்து வைக்கிற எச்சில். அது அடுக்களைக்குள் வரக் கூடாது. அதற்கென்று ஒரு தனி டம்ளர். அந்த டம்ளருக்கு இடம் பின்கட்டுத் தாழ்வாரத்தில், தொட்டிக்குப் பக்கத்து மாடம். கங்காவைத் தவிர வீட்டில் யாரும் அதைக் கைவிரலால்கூடத் தொடமாட்டார்கள்.

"எலிதான்" என்றாள் மணியம்மாள். "எலிதான் இஸ்துகினு போவப் பாத்திருக்குது."

"எலி கடிச்சா பல்லு தடம் இருக்காதா? இந்தக் கம்பிய எலி வளைக்குமா?"

"அப்போ காக்கா."

"டம்ளருக்குள்ள வாய வுட்டு ஒடச்சிட்டு, மறுபடியும் உள்ளயே போட்டுட்டுப் போவுமா காக்கா?"

மணியம்மாள் காக்காயை அத்தோடு விட்டாள். மருமகள் பக்கம் திரும்பினாள். "சம்பூர்ணம், நேத்து நீதான ஊட்ல இருந்தே. எதுனா சத்தம் கேட்டுதா?"

சம்பூர்ணம் அப்போதுதான் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்திருந்தாள். மாதாந்திரம் என்று மூன்று நாளாக அந்தப் பின்கட்டுத் தாழ்வாரத்தில்தான் தனிப்பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் நேற்றுக் கோயிலுக்கும் வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இல்லத்தே. நான் இன்னாத்தைத் தொட்டேன், இன்னாத்தைப் பாத்தேன்" என்றாள்.

முந்தானையால் வாயைப் பொத்துவது அவளுக்குப் புதிதில்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து குப்புராஜைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவளுக்கும் தூக்கிய பல்தான், கங்காவைவிட ஒரு பிடி அதிகம். சிரித்தால் முந்தானை, பேசினால் முந்தானை. இதில் மணியம்மாள் கணக்கே தனி. "எம் பொண்ணுக்குப் பால் பல்லு சரியா வுழல, அதால தூக்கிக்கிச்சி. இவளுக்குப் பொறவியே அப்பிடி" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டும் ஒரே பல்தான் என்பது பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பச்சையம்மா. கன்னம் வீங்கியிருந்தது, சொத்தைப்பல். ஆனால் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

"இன்னா மணி, க்ளிப்பு ஒடைஞ்சி போச்சா? கண்ணுதான் பட்டுச்சி. நானும் இன்னிக்கிப் பல்லு பிடுங்கிக்கத்தான் அந்த ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறேன். பொண்ண அனுப்பு, ஒண்ணாப் போலாம்."

"எனக்குக் கால் நடக்கல. சம்பூர்ணம், நீ கூட்டிக்கினு போ. குப்பு வேற மதியானம் வந்துருவான். அவன் வர்றதுக்குள்ள இத சரி பண்ணிக்கினு வந்துருங்க. அவன் மூஞ்சில முழிக்க என்னால ஆவாது."

சம்பூர்ணம் புடவை மாற்றிக்கொள்ளப் போனாள்.

*

ரயிலில் ஜன்னலோரம் கரி வந்து விழுந்தது. சம்பூர்ணம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கங்கா கைக்குட்டையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு அந்த உடைந்த சாமானைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்தாள்.

பயம் ஒரு பக்கம் இருந்தது, உண்மை. இடம் போய்விட்டால் இத்தனை மாதம் நகர்ந்த பல் பழையபடி முன்னால் வந்துவிடும். மறுபடியும் தேங்கா துருவி. ஆனால் அந்தப் பயத்தையும் மீறி அவளுக்குள் ஒரு குடைச்சல். இது எப்படி உடைந்தது?

கீழே விழுந்திருந்தால் நசுங்கியிருக்க வேண்டும். இந்தக் கம்பி நசுங்கவில்லை, வெளிப்பக்கமாக இழுபட்டிருந்தது. யாராவது மிதித்திருந்தால் கொக்கி இரண்டும் மடங்கியிருக்க வேண்டும். அதுவும் மடங்கவில்லை. இரண்டும் அகலமாக விரிந்திருந்தன.

எதிர் சீட்டில் ஒரு பெரியவர் நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஏம்மா, இது டிரான்சிஸ்டர் சாமானா?"

"பல்லுல போடறது."

"பல்லுலயா! கட்டுப் பல்லா? இந்த வயசுலயா?"

"கட்டுப் பல்லு இல்ல தாத்தா. பல்ல உள்ளாற தள்றது."

"தள்ளுமா?"

"தள்ளுமே!" கங்கா பெருமையாகத் தன் பல்லைக் காட்டினாள். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த கூடைக்காரியும் பார்த்தாள். சம்பூர்ணம்கூட ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"மொதல்ல ரொம்ப வலிச்சிதா?" என்று கேட்டாள் சம்பூர்ணம்.

கங்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை மாதத்தில் அண்ணி இதைப் பற்றிக் கேட்டதே இல்லை. 'கடிவாளத்தக் கழட்டிட்டு சோறு துண்ணு' என்று கேலி செய்ததோடு சரி.

"மொத ரெண்டு நாள் வலிக்கும் அண்ணி. அப்பறம் பழகிடும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

பச்சையம்மாவுக்கு வீங்கிய கன்னத்தோடு வாய் மூட முடியவில்லை. "நான் சொல்றேன் கேளு. கீரிப்பிள்ளை இருக்குதே, அதுக்குப் பளபளன்னு எத கண்டாலும் ஆசை. எங்க நைனா ஊட்ல ஒரு தடவை மூக்குத்திய..."

கீரிப்பிள்ளைக் கதை சென்ட்ரல் வரைக்கும் வந்தது. வழியில் வேர்க்கடலை வாங்கி நீட்டினாள். தானே கடிக்க முடியாதவள் எதற்கு வாங்கினாளோ, தெரியவில்லை. கங்கா ஒரு பிடி வாங்கிக்கொண்டாள். சம்பூர்ணம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மூர்மார்க்கெட்டைத் தாண்டி நடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சு நிரம்பியிருந்தது. கங்கா வயதில், கங்கா மாதிரியே உதடு மூடாத பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் கங்காவின் கைக்குட்டையைப் பார்த்தாள். இதில் எவளுக்குத் தன் இடம் போகப் போகிறதோ என்று கங்கா நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். ஆனாலும் அத்தனை பேர் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

*

டாக்டரம்மா கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கோபம் வந்தால்தான் அதை எடுத்து மூக்கில் மாட்டுவார் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு. இன்று கங்கா கைக்குட்டையைப் பிரித்ததுமே மாட்டிவிட்டார்.

"மறுபடியும் முறுக்கா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல. காலைல பாத்தேன், டம்ளர்ல இப்பிடிக் கெடந்துது."

"தானா உடைஞ்சுதா?"

சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். நாலைந்து பையன்கள், ஒரு பெண். கங்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

டாக்டரம்மா அதைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. கங்காவை நாற்காலியில் உட்கார வைத்து, அந்த உடைந்த பிளேட்டை அவள் வாயில் பொருத்தினார். கையை எடுத்ததும் அது கீழே விழுந்தது. மறுபடி பொருத்தினார். மறுபடியும் விழுந்தது.

"இங்க வாங்க எல்லாரும். இதைப் பாருங்க."

மாணவர்கள் நெருங்கினார்கள்.

"கொக்கி ரெண்டும் விரிஞ்சிருக்கு. இவ பல்லைப் பிடிக்கவே இல்லை. நடுவுல கீறல் எந்தப் பக்கமிருந்து ஓடுது பாருங்க. உள்ளேயிருந்து வெளியே. கீழ விழுந்தா இப்படி ஆகாது. இவ வாய் குறுகல். இதைவிட அகலமான ஒரு வாயில வச்சு அழுத்தியிருக்காங்க. அப்புறம் கழற்ற முடியாம பிடிச்சு இழுத்திருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கங்காவைப் பார்த்தார்.

"இது உன் வாயில உடையலை. யாரு போட்டுப் பார்த்தது?"

கங்காவுக்கு முதலில் புரியவில்லை. இன்னொருத்தர் எச்சிலை யாராவது எடுத்து வாயில் வைப்பார்களா? எலி என்றாலும் நம்புவாள், காக்கை என்றாலும் நம்புவாள். பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது. நேற்றுச் சாயங்காலம் வீட்டில் இருந்தது ஒரே ஒருத்தி. அதுவும் அந்தத் தாழ்வாரத்திலேயே.

திரும்பிப் பார்த்தாள். சம்பூர்ணம் தடுப்புத் திரையோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை வாயில் இருந்தது.

"சொல்லு" என்றார் டாக்டரம்மா. "நீ உடைச்சிருந்தா உன் இடம் போச்சு, நான் சொன்ன சொல்லை மாத்த மாட்டேன். வேற யாராவது எடுத்து உடைச்சிருந்தா அது உன் தப்பு இல்லை. ஆனா யாருன்னு எனக்குத் தெரியணும். அந்த வாயை நான் பார்க்கணும், கம்பி கிழிச்சிருக்கும்."

திரைக்கு அந்தப் பக்கம் பச்சையம்மாவின் கழுத்து நீண்டுகொண்டே வந்தது. இங்கே சொல்வது இன்று மாலைக்குள் மணவாள நகர் முழுக்கப் பரவிவிடும். நாத்தனார் எச்சிலை வாயில் வைத்தவள் என்று தெருத் தண்ணீர்ப் பம்படியில் சிரிப்பார்கள். அம்மா சும்மா இருக்க மாட்டாள். அண்ணன் என்ன சொல்வான் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

சொல்லாவிட்டால் இடம் போய்விடும்.

இந்த இடத்தில் கங்காவை நல்ல பெண்ணாகக் காட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே! அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தினமும் கேலி செய்துவிட்டு, திருட்டுத்தனமாக எடுத்துப் போட்டுப் பார்த்து, உடைத்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ரயிலில் கூடவே வந்திருக்கிறாளே! சொல்லிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்துவிட்டாள்.

"எங்க அண்..." என்று ஆரம்பித்தாள்.

"நாந்தாம்மா."

சம்பூர்ணம் திரையை விட்டு முன்னால் வந்துவிட்டாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

"நாந்தான் எடுத்துப் போட்டுப் பாத்தேன். போட்டதும் மாட்டிக்கிச்சி. கழட்ட வரல. வாசல்ல இவுங்க வர்ற சத்தம் கேட்டுது. பயந்துகினு வெடுக்னு இஸ்துட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவ எடத்த எடுத்துறாதீங்கம்மா."

ஒரு மாணவன் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டான். டாக்டரம்மா அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுபோனது.

"நீ எழுந்திரு கங்கம்மா. நீ வந்து உட்காரும்மா இங்கே."

சம்பூர்ணம் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை பேர் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், அவள் வாயைத் திறந்தது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

உள்கன்னத்தில் கம்பி கிழித்த காயம் சிவந்திருந்தது. அது சின்னக் காயம்தான். டாக்டரம்மா பார்த்தது அதை அல்ல. ஈறு வீங்கி, உருண்டு, கருஞ்சிவப்பாக இருந்தது. வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி பட்டதுமே ரத்தம் கசிந்தது.

"பல் விளக்கும்போது ரத்தம் வருதா?"

"வருதும்மா."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "பசங்க எல்லாரும் அந்தப் பக்கம் போங்க" என்றார். அவர்கள் போனதும் குனிந்து மெல்லக் கேட்டார். மெல்லத்தான் கேட்டார், ஆனால் திரை துணித்திரைதானே!

"முழுகாம இருக்கியாம்மா?"

சம்பூர்ணம் கண்ணைத் திறந்தாள். கங்காவைப் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அதான் ஈறு இப்படி வீங்கியிருக்கு. மாசமா இருக்கும்போது சில பேருக்கு ஆகும். உப்புத் தண்ணியில தினம் வாய் கொப்பளி. மாசம் ஒரு தடவை வந்து காட்டு. அது சரி, இதை எதுக்கு எடுத்துப் போட்டே?"

சம்பூர்ணம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க அம்மாவுக்கும் இந்தப் பல்லுதாம்மா. எனக்கும் அதே வந்துது. வவுத்துல இருக்கறதுக்கும் இதான் வருமோன்னு ஒரே கவலை. பொண்ணாப் பொறந்துட்டா? கங்காவுக்கு இது சரியாவுது, தெனம் பாக்கறேன். எம் மாதிரி இம்மாம் தூக்கின பல்லக்கூட இது மூடுமான்னு பாத்துட்டா, ஒரு தெம்பா இருக்கும்னு நெனச்சேன். மூக்குக் கண்ணாடி மாதிரி போட்டதும் தெரிஞ்சிடும்னு நெனச்சிட்டேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "மூடிச்சா?"

"எங்க மூடிச்சி! பல்லு மேல ஏறி நின்னுக்கினு என் உசுர எடுத்துடுச்சி."

அப்போதுதான் டாக்டரம்மா சிரித்தார். "ஒரே நாள்ல ஒண்ணும் ஆகாதும்மா. மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தணும். இது அவ வாய்க்கு அச்சு எடுத்துச் செஞ்சது, இன்னொருத்தருக்கு எப்படிப் பொருந்தும்? குழந்தைக்கு இந்தப் பல் வரலாம், வராமலும் போகலாம். அம்மா வழியிலதான் வரணும்னு இல்லை, அப்பா வழியிலயும் வரும். இதோ, குழந்தையோட அத்தைக்கே இருக்கே!"

கங்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வந்தாலும் பயப்படாதே. பத்துப் பன்னிரண்டு வயசுல கூட்டிக்கிட்டு வா. அந்த வயசுல சொன்ன பேச்சு கேட்கும், பல்லு." கங்கா பக்கம் திரும்பினார். "உன் இடம் போகலை. அண்ணிக்கு நன்றி சொல்லு. புது அச்சு எடுக்கணும், உட்காரு."

மாணவி ஒருத்தி மாவு மாதிரி எதையோ தட்டில் குழைத்துக் கங்கா வாயில் வைத்து அழுத்தினாள். குமட்டியது, மூச்சு முட்டியது. அத்தனை குமட்டலிலும் கங்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடம் போகவில்லை, இடம் போகவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

*

வெளியே வந்தபோது பெஞ்சில் பச்சையம்மா இல்லை.

"கன்னம் வீங்கின அம்மாவா? பல்லு வலி போயிடுச்சின்னு சொல்லிட்டு அப்பவே கெளம்பிட்டாங்களே" என்றார் வாசல் ஆள்.

கங்காவும் சம்பூர்ணமும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகச் சென்ட்ரலுக்கு வந்தார்கள். பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு ஜன்னலில் வீங்கிய கன்னம் தெரிந்தது. பச்சையம்மா கையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே போனாள்.

"போச்சி" என்றாள் கங்கா. "நாம போறதுக்குள்ள அம்மாவுக்கும் தெரிஞ்சிடும், அண்ணனுக்கும் தெரிஞ்சிடும்."

அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது. இருவரும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கங்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்றா, இரண்டா!

"அண்ணி, நேத்து வரிக்கும் நீ வெளிய ஒக்காந்துனு இருந்தியே. போன மாசமும் ஒக்காந்தியே."

"சும்மா ஒக்காந்தேன்."

"சும்மாவா?"

"ஒக்காரலைன்னா அத்தைக்குத் தெரிஞ்சிடாதா? தலைக்கு ஊத்திக்கிற நாளு அதுக்கு மனப்பாடம்."

கங்கா வாயைப் பிளந்தாள். மூன்று நாள் தாழ்வாரத்தில் தனித்தட்டு, தனிப்பாய், கொசுக்கடி. எல்லாம் நடிப்பு!

"அண்ணனுக்கு?"

"அதுக்கும் தெரியாது."

"ஏன் அண்ணி? நல்ல சேதிதான? எங்க அம்மா கேட்டா ஊரையே கூட்டிடுமே. கோயிலுக்குப் போயி கற்பூரம் ஏத்துமே."

"ஏத்தும். நான் இல்லேன்னா சொன்னேன்?" சம்பூர்ணம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஏத்திட்டு இன்னா வேண்டிக்கும், நீயே சொல்லு. புள்ள எங்க குப்பு மாதிரி பொறக்கணும், இவ பல்லு மட்டும் வேணாம் பெருமாளேன்னு வேண்டிக்கும். நல்ல மனசோடதான் வேண்டிக்கும். ஆனா பொறக்கற வரிக்கும் தெனம் தெனம் வேண்டிக்கும். நான் பக்கத்துலயே நின்னு கையக் கூப்பிக்கினு, ஆமா பெருமாளே, என்னை மாதிரி வேணாம், என்னை மாதிரி வேணாம்னு சொல்லிக்கினே இருக்கணும். அத எவ்ளோ நாள் தள்ளிப்போட முடியுமோ, அவ்ளோ நாள் தள்ளலாம்னுதான் இருந்தேன்."

சொல்லி முடித்தும் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பிளாட்பாரத்தில் போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"எங்க அம்மா அப்பிடியெல்லாம்..." என்று ஆரம்பித்தாள் கங்கா. அழுகைதான் வந்தது.

டாக்டரம்மா கேட்டு அண்ணி தலையை ஆட்டிய அந்த நிமிஷமே, வீரராகவா, குழந்தைக்கு அண்ணியின் பல் மட்டும் வந்துவிடக் கூடாது என்று முதலில் வேண்டிக்கொண்டவள் அவள்தான்.